அண்ணி இல்லை என்று சொன்ன கட்டி

அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுத்து கோணலாகத்தான் வரும். சொன்னதையே திரும்பச் சொல்வேன், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். அண்ணி சொன்னது மட்டும் ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை.

அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணம் பண்ணிக்கொள்ளாத ரிட்டையர்டு டீச்சர். எங்கள் சர்ச் பெண்கள் கூட்டத்துக்கு அவர்தான் செக்ரட்டரி. வீட்டுக்காரர் போனபிறகு கிழக்குத் தாம்பரத்தில் அண்ணி வீட்டிலேயே இருக்கிறேன்.

எனக்கு பைபோலார் என்கிற மனநோய். சில மாதம் மனசு தலைகால் தெரியாமல் ஏறும், அப்புறம் எழுந்திருக்கவே முடியாமல் இறங்கும். ஒருமுறை ஏறியிருந்தபோது பெருங்களத்தூரில் பஸ் பிடித்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் போய், என் வளையல்களைக் கழற்றி பஸ்ஸில் இருந்த பெண்களுக்குப் போட்டுவிட்டேன். அண்ணிதான் வந்து கூட்டிக்கொண்டு போனார். அதிலிருந்து லித்தியம் மாத்திரை. இருபது வருஷத்துக்கு மேலாக அதுதான் என்னைத் தரையில் நிறுத்தி வைத்திருக்கிறது. ஆனால் அந்த வளையல் நாளோடு என் பேச்சுக்கு மதிப்புப் போயிற்று.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலை மாத்திரை போடுமுன் ரத்தம் கொடுக்க வேண்டும். அதில் லித்தியம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். பிறகு டாக்டர். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், டாக்டர் அண்ணியைப் பார்த்துத்தான் கேட்பார், "எப்படி இருக்காங்க?" என்று. "தூங்கறா, சாப்பிடறா, தொந்தரவு இல்ல" என்பார் அண்ணி.

ஒருநாள் கூச்சத்தை விட்டு நானே வாய் திறந்தேன். "டாக்டர், இடது மார்ல ஒரு கட்டி மாதிரி…"

அண்ணி சிரித்தார். "போன வருஷம் தொண்டைல மீன் முள்ளுன்னு மூணு மாசம் அழுதா டாக்டர். இப்ப மாருக்கு வந்திருக்கா. கட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

டாக்டரும் சிரித்தார். பயத்துக்கு என்று இன்னொரு மாத்திரை எழுதினார். யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. ஆட்டோவில் வரும்போது அண்ணி சொன்னார்: "மானத்த வாங்காத."

ஏழு மாதம் நான் மானத்தை வாங்கவில்லை.

கண்டுபிடித்தது வாசலுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாள். சங்கரா மீனை எடுக்கக் குனிந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"இன்னாக்கா இது, ரவிக்கைல ரத்தம் கீது?"

"ஒண்ணும் இல்ல. அண்ணி ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க."

"உங்க அண்ணி இன்னா டாக்டரா? கெளம்புக்கா, ஆஸ்பத்திரிக்கு."

மீன்கூடையை அண்ணி துடைத்து வைத்திருந்த வாசல் படியிலேயே போட்டுவிட்டு, ஷேர் ஆட்டோவில் என்னை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சர்ச்சுக்குப் போயிருந்த அண்ணி திரும்பி வந்தபோது படியெல்லாம் மீன் தண்ணீராம். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷம்.

புற்று. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசினார். லித்தியத்தால்தான் வந்ததா என்று கேட்டேன்.

"அதனால புற்று வருதுன்னு சொல்ல ஆதாரம் இல்லம்மா. நீங்களா நிறுத்திடாதீங்க. இங்க மருந்து ஏத்தறப்ப வாந்தி வந்தா மட்டும் உடனே சொல்லுங்க, ரத்தத்துல லித்தியம் லெவல் ஏறிடும். மனசுக்கு மருந்து சாப்பிடறவங்க உடம்ப பத்தி சொன்னா யாரும் காதுல வாங்கறதில்ல. அதான் லேட்டாவே வர்றாங்க."

தலைமுடி திரும்ப முளைத்தபோது பெண்கள் கூட்டத்தில் அண்ணி சாட்சி சொன்னார். "எங்க வீட்டுல ஒருத்தி இருபது வருஷமா மனசுக்கு மாத்திரை முழுங்கி முழுங்கி புற்று வாங்கிட்டா. நான் ராப்பகலா ஜெபிச்சுக் காப்பாத்தினேன்." எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் குனிந்து தன் கைப்பையை மூடினாள். நான் ரத்தம் கொடுக்கும் இடத்தில் அவளைப் பார்த்திருக்கிறேன். அவளுக்கும் லித்தியம்தான்.

நான் எழுந்தேன். அந்தக் கூட்டத்தில் அதுவரை நான் எழுந்ததே இல்லை. ரவிக்கைக்குள் கையை விட்டு, இடது பக்கம் மார்புக்குப் பதிலாக வைத்திருந்த பஞ்சுத் திண்டை எடுத்தேன். நானே பழைய புடவையில் தைத்தது. நடந்துபோய் அண்ணி மடியில், பைபிளின் மேல் வைத்தேன்.

"இத நீங்க வெச்சுக்கோங்க அண்ணி. கட்டி இல்லன்னு சொன்னது நீங்கதான். ஏழு மாசம். மாத்திரை ஒரு பாவமும் பண்ணல."

யாரோ ஒருவர் கையிலிருந்த டீ கவிழ்ந்தது. அண்ணி திண்டைத் தொடவும் முடியாமல் தள்ளவும் முடியாமல், "பார்த்தீங்களா, இவளுக்கு மறுபடி ஏறிடுச்சு" என்றார்.

அதைத்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். "நேத்துதான் ரத்தம் குடுத்தேன். லெவல் சரியா இருக்கு, படிச்சுப் பாருங்க" என்று கையோடு கொண்டுபோயிருந்த ரிசல்ட் பேப்பரைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்தேன். அது கைமாறி எல்லோரிடமும் போனது. அந்தப் பெண் மட்டும் ரொம்ப நேரம் வைத்துப் படித்தாள்.

அண்ணி இப்போது கூட்டத்துக்குப் போவதில்லை. மன்னிக்கச் சொல்லி பாஸ்டர் இரண்டு தடவை வந்தார். காபி கொடுத்து அனுப்பினேன். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், சோறு நான்தான் போடுகிறேன். மன்னிக்கவில்லை. டாக்டரிடம் தனியாகப் போகிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது விவரங்களைச் சரிபார்க்க வேண்டும். டாக்டரம்மா மாத்திரையைப் பற்றிச் சொன்னதை நான் தப்பாக எழுதியிருந்தால் ஒரு டாக்டரைக் கேட்டுத் திருத்துங்கள். ஏழு மாதமா எட்டா என்று ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தும் சொல்லுங்கள். எட்டு என்றால் எட்டு என்றே போடுங்கள். அண்ணிக்காக ஒரு நாள்கூடக் குறைக்க வேண்டாம்.