ஜெயபாயின் வலது முழங்கால்

ஜெயபாய் 1985இல் போலீஸில் சேர்ந்தாள். வன்னியம்பட்டிக்காரி. அப்பா சமுத்திரம் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய உயரம் இவளுக்கு அப்படியே வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் நீளம் தாண்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. போலீஸ் பயிற்சியிலும் நல்ல பெயர்தான், சுவர் தாண்டும் நாள் வரும்வரை.

ஆளுயரச் சுவரிலிருந்து குதித்தபோது வலது பாதம் மண்ணில் பதிந்து நின்றுவிட்டது. உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் சடக்கென்று ஒரு சத்தம். அன்றைக்கு எப்படியோ நடந்துவிட்டாள். மறுநாள் காலையில் பார்த்தால் முழங்கால் பனங்காய் மாதிரி வீங்கியிருந்தது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். அப்பா அவளைத் தளவாய்புரத்தில் எலும்புக்குக் கட்டுப் போடும் சிவனாண்டியிடம் கூட்டிப்போனார். அவர் எண்ணெய் போட்டு நீவி, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசிக் கட்டினார்.

"சுளுக்குதான் தாயி. வீக்கம் வடிஞ்சிட்டா பழையபடி ஓடலாம்."

வீக்கம் வடிந்தது. அவளும் ஓடினாள். பயிற்சியை முடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலைக்குச் சேர்ந்தாள். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டராக இருந்த ரத்தினத்துக்கு வாழ்க்கைப்பட்டாள்.

ஆனால் முழங்கால் சரியாகவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். துணி துவைத்துவிட்டு எழுந்திருக்கும்போது சில நாள் கால் மடங்கினபடியே பூட்டிக்கொள்ளும். எவ்வளவு முக்கினாலும் நீட்ட வராது. அப்படியே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் காலைப் பிடித்து மெல்ல ஆட்டினால் உள்ளே ஏதோ நழுவும், கால் நீளும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்.

1987 ஆடிப்பூரத்தன்று கோயில் தெருவில் பந்தோபஸ்து. பெண்கள் வரிசையை ஒதுக்கக் கயிறு பிடித்து நின்றாள். பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது. கால் ஊன்றினபடி சட்டென்று திரும்பினாள். முழங்கால் பூட்டிக்கொண்டது. கயிறு கைநழுவ, அவள் விழுந்தாள். கயிற்றில் சாய்ந்து நின்றவர்களும் சரிந்தார்கள். எல்லாருக்கும் அடியில் கிடந்தது குருவம்மாள் என்ற வயதான பெண், கான்சாபுரத்திலிருந்து சாமி கும்பிட வந்தவள். அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

கூட வேலை பார்த்த சண்முகத்தாய் ஓடி வந்தாள். "ஏட்டி, எந்திரிட்டி! மிதிச்சிருவாக!"

"கால் நீள மாட்டேங்குதுக்கா."

இரண்டு பேர் தூக்கி ஓரத்தில் உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து சேர்வதற்குள் பூட்டு விட்டுப்போய், கால் நேராக இருந்தது. அவர் காலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"வீக்கமும் இல்ல, காயமும் இல்ல. யாருகிட்டம்மா நடிக்கிற?"

மறுபடி எக்ஸ்ரே. அதிலும் ஒன்றுமில்லை. கடமை தவறியதற்கு மெமோ வந்தது. அதைவிட ரத்தினம் சொன்னதுதான் அவளைச் சுட்டது.

"ரெண்டு எக்ஸ்ரேலயும் ஒண்ணுமில்லங்காவ. ஒனக்கு மனசுல பயம் புகுந்திருக்கு, ஜெயா."

குருவம்மாளை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனாள். அந்த அம்மாள் திட்டவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "கயித்த விட்டுட்டியே தாயி" என்றாள். ஜெயபாய் வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலோரம் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

சண்முகத்தாய்தான் விடவில்லை. மதுரையில் ஒரு எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் எக்ஸ்ரே படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஜெயபாயைப் படுக்கச் சொல்லி முழங்காலை முழுக்க மடக்கினார். பாதத்தைப் பிடித்து வெளிப்பக்கம் திருப்பியபடி மெல்ல நீட்டினார். உள்ளே களுக்கென்றது. அவள் பல்லைக் கடித்தாள்.

"இதான். எலும்பு இல்லம்மா, ஜவ்வு. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ரெண்டு ஜவ்வு இருக்கு, பிறை வடிவத்துல. உள்பக்கத்து ஜவ்வு கிழிஞ்சிருக்கு. கிழிஞ்ச துண்டு எலும்புக்கு நடுவுல போய்ச் சிக்குறப்ப கால் பூட்டிக்குது. எக்ஸ்ரேல ஜவ்வு தெரியாது."

"அப்ப நான் நடிக்கல, இல்லையா சார்?"

டாக்டர் அவளை விநோதமாகப் பார்த்தார். "இதை எப்படி நடிக்க முடியும்?"

சண்முகத்தாய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஜெயபாய் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அந்த இடத்தில் ரத்த ஓட்டம் இல்லாததால் கிழிசல் தானாக ஒட்டாது, எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். 1988 தொடக்கத்தில் முழங்காலைத் திறந்து அந்த ஜவ்வு முழுவதையும் எடுத்தார்கள். தொடைச் சதை சூம்பாமலிருக்க, கணுக்காலில் மணல் மூட்டை கட்டிக் காலைத் தூக்கி இறக்கச் சொன்னார்கள். மூட்டையை ரத்தினமே தைத்துக் கொடுத்தான். முன்பு சொன்னதைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. இவளும் கேட்கவில்லை. இருவருக்கும் நடுவில் அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

மூன்று நான்கு வருடம் நன்றாக ஓடியது. கால் ஒருநாளும் பூட்டவில்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் வலி தொடங்கியது. முதலில் படி இறங்கும்போது, பிறகு நிற்கும்போது. கொஞ்சம் கொஞ்சமாக வலது கால் வெளிப்பக்கம் வளைந்தது. வெளி டியூட்டியிலிருந்து எடுத்து வயர்லெஸ் அறையில் உட்கார வைத்தார்கள். அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் பதவி உயர்ந்து ஏட்டம்மா ஆனார்கள்.

1997இல் அதே டாக்டரிடம் ரத்தினத்தோடு போனாள். இந்த முறை எக்ஸ்ரேயில் எல்லாமே தெரிந்தது. உள்பக்கம் எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. டாக்டருக்கு இப்போது தலை நரைத்திருந்தது.

"மெத்தை இல்லாததால தேய்ஞ்சிருச்சும்மா. இப்பல்லாம் முழுசா எடுக்கறதில்ல. சின்ன துளை வழியா பார்த்து, கிழிஞ்ச ஓரத்தை மட்டும் வெட்டுறோம். முடிஞ்சா தைக்கிறோம்."

"அப்ப அது தெரியாதா சார்?"

அவர் படத்தை விளக்கு வெளிச்சத்திலிருந்து எடுத்தார். "எனக்கு அப்ப தெரிஞ்சது அதுதான்."

செயற்கை மூட்டு வைக்க அவளுக்கு இன்னும் வயதாகவில்லை என்றார். அதுவரை எடை கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கம்பு ஊன்றி நடக்க வேண்டும்.

வெளியே வந்ததும் ரத்தினம், "அன்னைக்கே ஒன்னய நம்பி சீக்கிரம் கூட்டியாந்திருந்தா..." என்று ஆரம்பித்தான்.

"சீக்கிரம் வந்திருந்தா சீக்கிரம் எடுத்திருப்பாவ. வாங்க, பஸ் போயிரும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஜெபத்துக்கு எல்லாரும் முழங்கால் போட்டார்கள். ஜெயபாய் மட்டும் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் தலையைத் திருப்பி அவளையே பார்த்தது. ஜெயபாய் கண்ணை மூடிக்கொண்டாள்.