ரஞ்சிதமும் அடக்கிச் செத்த அறிஞரும்

ஜவ்வாது மலையில் ரஞ்சிதத்துக்குத் தெரியாத நாற்றம் இல்லை. நட்சத்திரம் பார்க்க வரும் பணக்காரர்களுக்கென்று கட்டிய விடுதியில் மூன்று வருஷமாக அவள்தான் கழிப்பறை கழுவுகிறாள். வருகிறவர்கள் எல்லாம் படித்தவர்கள், பக்கத்தில் வந்தால் சென்ட் மணக்கும். உள்ளே போனால் தண்ணீர் ஊற்றத் தெரியாது. திங்கட்கிழமை காலை அந்தக் கதவுகளைத் திறந்தால் தின்ற சாமைச் சோறு தொண்டைக்கு வந்துவிடும்.

அதையாவது மூக்கைப் பொத்திக்கொண்டு சகித்துவிடலாம். அவள் கழுவிய இடத்தில் அவள் போகக்கூடாது என்றார்களே, அதுதான் பெரிய குமட்டல்.

"கெஸ்ட்டுங்க பாத்தா இன்னா நெனைப்பாங்க?" என்பான் சூப்பர்வைசர் ஆனந்தன்.

வேலைக்காரர்களுக்கென்று விடுதிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதில் தண்ணீர் வந்த நாளே கிடையாது, கதவுக்குத் தாழ்ப்பாளும் கிடையாது. புளியமரத்துப் பக்கம் ஒதுங்கலாம் என்றால், அங்கேயும் அறைகளைக் கட்டி, கம்பத்துக்குக் கம்பம் கேமரா வைத்துவிட்டார்கள். காலை ஏழு மணிக்கு வந்தால் சாயங்காலம் ஆறு வரை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். அதற்குப் பயந்தே அவள் தண்ணீர் குடிப்பதில்லை.

திருப்பத்தூர் டாக்டரம்மா இரண்டு முறை திட்டி அனுப்பிவிட்டார். "இன்னொரு தடவ காய்ச்சலோட வந்தீங்கன்னா கிட்னி தாங்காது. அடக்காதீங்க, புரியுதா?" சொல்வது சுலபம். சாமை விளைவது ஒரு போகம். மீதி மாதங்களுக்கு இந்த வேலைதான் சோறு.

சனிக்கிழமை நாலு மணிக்கு வாணியம்பாடிப் பெண் ஃபிஜா விருந்தினருக்குப் படம் போட்டு வானியல் சொல்லுவாள். டைக்கோ பிராகே என்று ஒரு டென்மார்க்காரர், நானூறு வருஷத்துக்கு முந்தியவர். வாள் சண்டையில் மூக்கு போய், உலோக மூக்கு ஒட்டிக்கொண்டவர். தொலைநோக்கி வருவதற்கு முன்பே, ராஜா கொடுத்த தீவில் உட்கார்ந்து வெறுங்கண்ணால் பார்த்து, நூற்றுக்கணக்கான நட்சத்திரங்களுக்கு இடம் குறித்தவர். அவர் எழுதி வைத்ததிலிருந்துதான் பின்னால் வந்தவர் கிரகங்கள் ஓடும் பாதையைக் கண்டுபிடித்தார். கதையில் இந்த இடம் வரைக்கும் ரஞ்சிதம் துடைப்பத்தோடு வாசலில் நின்று ஆசையாகக் கேட்பாள். வேலை என்றால் அதுவல்லவா வேலை!

பிறகு அவர் செத்த கதை. பெரிய மனிதர் வீட்டு விருந்தாம். பாதியில் எழுந்தால் மரியாதையில்லை என்று சிறுநீரை அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். வீட்டுக்குப் போனபின் சரியாக வரவேயில்லை. பதினொரு நாள் துடித்துச் செத்தார். நான் வாழ்ந்தது வீணாகிவிடக் கூடாது என்று கடைசியில் பிதற்றினாராம். இந்த இடத்தில் கூட்டம் கொல்லென்று சிரிக்கும்.

ரஞ்சிதத்துக்குத் தூ என்று துப்பத் தோன்றும். சிரிக்கிறவர்கள் மேல் மட்டுமில்லை, அந்த ஆள் மேலும்தான். வானத்தையே அளந்தவனுக்கு எழுந்து போகத் தைரியமில்லாமல் போயிற்றே!

போன சனிக்கிழமை அவளுக்கு மறுபடியும் காய்ச்சல். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். கூட்டம் வழக்கம்போலச் சிரித்தது. "மூத்திரத்த போய் எவனாவது அடக்குவானா?" என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர், கண்ணைத் துடைத்தபடி.

"இதுல இன்னாங்க சிரிப்பு?" என்றாள் ரஞ்சிதம்.

எல்லாரும் திரும்பினார்கள். "இன்னாக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்று ஃபிஜா பதறினாள்.

"அவரு ஒரு வேளை அடக்குனாரு பாப்பா. நான் மூணு வருசமா அடக்கறேன்."

வாளியை அங்கேயே வைத்துவிட்டு, வரிசைகளுக்கு நடுவே நடந்து, விருந்தினர் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ஆனந்தன் ஓடிவந்து கதவை இடித்தான்.

"ஏய், வெளிய வா! கெஸ்ட்டு நிக்கிறாங்க!"

காலையில் அவள் கையாலேயே தேய்த்த பீங்கான். நெருப்பாக எரிந்தது, சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அவள் அவசரப்படவில்லை.

"இருங்க சார்," என்றாள். "இன்னும் முடியல."