கரியலில ஏறின பாரம்

முதலிலேயே சொல்லிப்போடுறன், எனக்கு உந்தப் பேய் பிசாசுக் கதையளில ஒரு துளி நம்பிக்கையும் இல்லை. பதினெட்டு வருசமா முதியோர் இல்லத்தில வேலை செய்யிறன். செத்த சனத்தைக் கழுவித் துடைச்சு, நல்ல உடுப்புப் போட்டு, தலை சீவி இழுத்துவிட்டிட்டு, கீழ போய் இருந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறன். ஒருத்தரும் எழும்பி வந்து என்னைப் பயப்படுத்தினதில்லை. உயிரோட இருக்கிறவைதான் பயப்படுத்திறவை, அதிலும் அவையின்ரை பிள்ளையள். அதால நீங்கள் நம்பாட்டில் எனக்குக் கோவம் வராது, வேற ஆரும் சொன்னால் நானும் நம்பமாட்டன். நடந்ததைச் சொல்லுறன், கேட்டுப்போட்டு நீங்களே யோசியுங்கோ.

நாங்கள் இருக்கிறது ஜேர்மனியில, மைன்ஸ் பக்கம். எங்கடை இல்லத்தில ஒரு மனிசி, எண்பத்தெட்டு வயசு, பேரை மாத்தித்தான் சொல்லுறன், ஃபிராவ் வேபர், அதாவது திருமதி வேபர், எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, ஏனெண்டால் மகள் இப்பவும் வந்து போறவ. மனிசிக்கு ஞாபகம் எல்லாம் மங்கிப்போச்சு. ஆனா ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணியெண்டால் கோட்டைப் போட்டு, கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கதவடியில வந்து நிப்பா. "வீட்டை போகோணும், பழம் பிடுங்கிற நேரம், அங்க கை காணாது" எண்டு அழுவா. வீடு ஒரு வைன் ஊரில, இல்லத்திலயிருந்து இருவது கிலோமீற்றர் வரும். அதை வித்து எத்தினையோ வருசம். ஒருக்காக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவம் எண்டு நான் பொறுப்பாளரிட்டைக் கேட்டுப் பாத்தனான். அதுக்கு அன்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதி மகள் கையெழுத்து வைக்கோணுமாம். மகள் வைக்கேல்லை. "வேற ஆக்கள் குடியிருக்கிறதைக் கண்டால் அம்மா உடைஞ்சு போவா" எண்டு சொன்னவ, அவவிலயும் பிழை சொல்ல ஏலாது.

எங்கடை வேலையில ஒரு பழக்கம் இருக்கு. மறதிக்காரர் இப்பிடிக் கேட்டால் ஏலாது எண்டு சொல்லப்படாது, நாளைக்கு எண்டு சொல்லோணும். நாளைக்கு அவைக்கு மறந்துபோகும், பிறகும் நாளைக்கு எண்டு சொல்லலாம். இரண்டு வருசமா நானும் அப்பிடிச் சொல்லிச் சொல்லித்தான் அந்தக் கோட்டைக் கழட்டினனான். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு முதுகு நோ, அவ கதவை விட்டு அசையிறாவில்லை, நான் வாய்க்கு வந்தபடி, "ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, சைக்கிளின்ரை பின் கரியலில ஏத்திக்கொண்டு போய் விடுறன்" எண்டிட்டன். அவ அழுகையை நிப்பாட்டிப்போட்டு என்னை வடிவாப் பாத்தா. "உண்மையாவோ?" எண்டு கேட்டா. இரண்டு வருசத்தில ஒருநாளும் அப்பிடிக் கேக்காத மனிசி. நான் ஓம் எண்டன், அவ தானாவே கோட்டைக் கழட்டித் தந்தா. எனக்குச் சரியான வெக்கமாப் போச்சு, வீட்டை வந்தும் அந்த முகம்தான் நிண்டது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வாறன். இவரைப் பற்றி, அதுதான் என்ரை மனிசனைப் பற்றி, ஒரு சொல்லுச் சொல்லோணும். ரவுணுக்குள்ள ஒரு கார் தட்டிவிட்ட நாள் துவங்கி, கார் ஓடுற றோட்டில அவர் சைக்கிள் விடமாட்டார். போனை வைச்சுக்கொண்டு கிழமை முழுக்கக் கார் இல்லாத பாதையாத் தேடுவார், கடவுளைத் தேடின ஆக்கள்கூட அவ்வளவு தேடியிருக்கமாட்டினம். வைனுக்கு முந்திரிகை வளக்கிற ஊருகளில அப்பிடிப் பாதை நிறைய இருக்கு. தோட்டத்துக்குள்ளால கொங்கிறீட் போட்டிருப்பினம், உழவு மெசின் மட்டும்தான் போகலாம், ஞாயிற்றுக்கிழமையில அதுவும் இல்லை. ஆனா ஏத்தம் எண்டால் ஏத்தம், அதால மோட்டர் வைச்ச சைக்கிள்தான் இரண்டு பேருக்கும். அண்டைக்கு ஏதோ புதுப்பாதை எண்டார், நான் எந்த ஊர் எண்டு கேக்கவும் இல்லை. றெயினில சைக்கிளை ஏத்தி, இறங்கி, நல்ல வெயிலுக்குள்ளால போறம். புரட்டாதி மாதம், குலையெல்லாம் கறுத்துத் தொங்குது, பகல் இரண்டு மணி. இருட்டுமில்லை, மழையுமில்லை, அதைக் கவனிச்சுக்கொள்ளுங்கோ.

ஒரு பெரிய மேட்டடியில வாங்கு ஒண்டு கிடந்தது. நான் இருந்து தண்ணி குடிச்சன், இவர் நிக்காமல் மேல போட்டார், அது அவரின்ரை வழக்கம். நான் ஏறி மிதிச்சு இரண்டு உருட்டுப் போகேல்லை, பின்பக்கம் டக்கெண்டு பதிஞ்சது.

இதை எப்பிடி உங்களுக்குச் சொல்லுறது. யாழ்ப்பாணத்தில சைக்கிளில வளந்த ஆக்களுக்குத் தெரியும். ஓடிக்கொண்டிருக்கேக்கை ஒராள் பின்னால பாய்ஞ்சு ஏறினால் முதல்ல கான்டில் லேசாகும், பிறகு ஆள் இருக்கிற பக்கம் ஒரு ஆட்டம் ஆடும், நாங்கள் மற்றப் பக்கம் சரிஞ்சு அதைப் பிடிச்சுக்கொள்ளுவம். பொம்பிளையள் இரண்டு காலையும் ஒரு பக்கமாப் போட்டுத்தானே இருக்கிறது, அதால பாரம் இடப்பக்கம். அது அப்பிடியே அச்சொட்டா நடந்தது. என்ரை உடம்பு தானா வலப்பக்கம் சரிஞ்சது, என்ரை வாய் தானாச் சொன்னது, "காலை விரிச்சுப் பிடியுங்கோ, கம்பிக்குள்ள போயிடும்." சொன்னாப் பிறகுதான் ஆருக்குச் சொல்லுறன் எண்டு யோசிச்சன்.

திரும்பிப் பாத்தன். கரியல் வெறுமன கிடக்குது. எங்கடை பாணும் சம்பலும் இவரின்ரை பையிக்குள்ள, என்னட்டை ஒண்டுமில்லை. குனிஞ்சு பாக்கிறன், பின் ரயர் நல்லா அமுங்கி உருளுது. காத்துப் போச்சுதாக்கும் எண்டு நினைச்சன், நீங்களும் அதைத்தான் நினைப்பியள். ஆனா காத்துப்போன ரயர் சத்தம் போடும், ஆட்டும், இது பாரம் வைச்ச மாதிரிச் சீரா உருளுது. இறங்கிப் பாக்கவும் பயம். பேய்ப் பயமில்லை, அந்த ஏத்தத்தில ஆளை வைச்சுக்கொண்டு நிண்டால் பிறகு எடுக்க ஏலாது எண்ட பயம். பாருங்கோ, என்ரை மண்டை எப்பிடி வேலை செய்திருக்குது எண்டு. மோட்டரை உச்சத்துக்குக் கூட்டினன், கூட்டியும் நாய் மாதிரி இளைச்சு இளைச்சு மிதிச்சன். பயம் எண்டு சொல்லமாட்டன். ஒராளைப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேக்கோணும் எண்ட எண்ணம்தான் இருந்தது, வேலையில இருக்கிற மாதிரி.

உச்சிக்கு வரேக்கை வெள்ளையடிச்ச வட்டக் குடில் ஒண்டு, தோட்டக்காரர் மழைக்கு ஒதுங்கிறது. அதடியில பாரம் போச்சு. நான் நிப்பாட்ட முந்தியே இறங்கின மாதிரி, சைக்கிள் வலப்பக்கம் ஒரு வெட்டு வெட்டினது, விழப்பாத்தன். அதிலயிருந்து ஒரு ஒற்றையடிப் பாதை கீழ போகுது. கீழ ஒரு ஊர், நடுவில தேவாலயக் கோபுரம். அந்தக் குடிலையும் கோபுரத்தையும் நான் ஒவ்வொரு நாளும் காணுறனான், ஃபிராவ் வேபரின்ரை கட்டிலுக்கு மேல அவவின்ரை ஊர்ப் படமாத் தொங்குது.

இவர் குடிலடியில நிண்டு களவா முந்திரிகைப் பழம் பிடுங்கித் திண்டுகொண்டு, "இஞ்சேரும், ஏன் நீர் வழி முழுக்கச் சரிஞ்சுகொண்டு வாறீர், முதுகு நோகுதோ?" எண்டு கேட்டார். ஓம் எண்டு சொன்னன். பற்றரியைப் பாத்திட்டு, "உதென்ன, பாதிக்கு மேல போச்சு, என்ரை இன்னும் அப்பிடியே கிடக்குது" எண்டு பிறகும் ஏசினார். நாங்கள் மற்றப் பக்கத்தால இறங்கி ஆத்தங்கரைப் பாதையால றெயினுக்கு வந்தம். சைக்கிள் சும்மா காத்தா ஓடினது.

திங்கட்கிழமை எனக்குக் காலமை வேலை. முதல் வேலையா, ஃபிராவ் வேபருக்கு நேற்று எப்பிடி எண்டு கேட்டன். செத்துப்போட்டா எண்டு சொல்லப்போகினம் எண்டுதான் நானும் எதிர்பாத்தனான், அப்பிடித்தானே உந்தக் கதையள் முடியிறது. இல்லை. நல்ல சுகமாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில நித்திரையாப் போனவவாம், கேக் குடுக்க எழுப்பியும் எழும்பேல்லையாம், பிறசர் பாத்ததாம், ஒரு குறையுமில்லையாம். நாலு மணிக்குப் பிறகுதான் கண் முழிச்சவவாம், கோட்டைத் தேடேல்லையாம்.

நான் போய் முகம் கழுவிவிட்டுக்கொண்டு நிக்கிறன். அவ கண்ணாடியில என்னைப் பாத்து, "மேட்டில உனக்கு நல்லா மூச்சு வாங்கினது, என்ன?" எண்டா. சத்தியமாச் சொல்லுறன், நான் எங்க போனனான் எண்டு இல்லத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

அதோட அவ வீட்டை போகோணும் எண்டு கேக்கிறதை விட்டிட்டா. ஒண்டரை வருசமாச்சு, ஒருநாள்கூடக் கேக்கேல்லை. கோட்டு அலுமாரிக்குள்ள தொங்குது. தாறதைச் சாப்பிடுறா, நன்றி சொல்லுறா, குடுத்த இடத்தில இருக்கிறா. மகளுக்குப் பெரிய சந்தோசம், "அம்மா கடைசியில இஞ்ச பழகியிட்டா, உங்களாலதான்" எண்டு எனக்கு ஒரு பெட்டி கோப்பி கொண்டுவந்து தந்தவ. வேண்டினன், என்ன சொல்லுறது.

ஆனா எனக்குள்ள ஒரு கணக்கு நேராகேல்லை. ஏத்திக்கொண்டு போனது எனக்குத் தெரியும், இறக்கினது தெரியும். வரேக்கை கரியலில ஒருத்தரும் இல்லை.

போன மாதம் குளிக்க வாக்கேக்கை மனம் பொறுக்காமல் கேட்டும் போட்டன். "ஃபிராவ் வேபர், நாளைக்கு உங்களை வீட்டை கூட்டிக்கொண்டு போகட்டோ?" எண்டன். அவ ஆரோ அறை மாறி வந்த ஆளைப் பாக்கிற மாதிரி மரியாதையாப் பாத்தா. பிறகு ஈரக்கையால என்ரை கையைத் தட்டிச் சொன்னா.

"அவவை நீதானே கொண்டுபோய் விட்டனீ."

அதுக்குப் பிறகு நான் ஒண்டும் கேக்கிறேல்லை. சோப்புப் போடுறன், துடைக்கிறன், தலை இழுத்துவிடுறன், என்ரை வேலையைச் செய்யிறன். அந்த மனிசியைப் பேர் சொல்லிக் கூப்பிடத்தான் எனக்கு இண்டைக்கும் வாய் வருகுதில்லை.