முதுகு காட்டிய சிப்பாய்

வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் நின்ற மெலிந்த சிப்பாய், தினமும் என் அடையாள அட்டையை இருபுறமும் திருப்பிப் பார்ப்பார். பின்புறத்தில் இன்னொரு ஆள் ஒளிந்திருப்பதுபோல.

என் இதயத்தைத் தைத்துத் தந்த ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு நன்றி சொல்ல ஒருநாள் நடந்த, நிதி திரட்டும் ஓட்டத்தில், கடைசி ஆளாக ஓடிவந்தேன். சாவடியைக் கண்டதும் கால்கள் நின்றுவிட்டன. யுத்த காலத்தில் துப்பாக்கிக்கு முன்னால் ஓடுகிற தமிழன் உண்டா? காலில் கிடந்த சப்பாத்துக்குள்ளிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன்.

“இன்னைக்கு வேணாம், அய்யே. ஓடு, ஓடு!” என்றார் சிப்பாய், சிங்களத்தில் அண்ணா என்று கூப்பிட்டு, மிச்சத்தைத் தெரிந்த தமிழில்.

“நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டா எப்பிடி ஓடுறது, சேர்? பயமாக் கிடக்கு.”

அவர் சிரிக்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டி, கடல் பக்கம் திரும்பி நின்றார்.

ஓடினேன். தைத்த இதயத்தைவிட என் முதுகுதான் அதிகம் நடுங்கியது.

மறுநாள் அதே அட்டையை, முன்பின் அறியாதவர்போல, இருபுறமும் திருப்பிப் பார்த்தார்.