தோல் நீக்காத கடலைக்கட்டி

ஜப்பான்காரன் வந்த மறு வருஷம் என் கால்கள் வீங்கத் தொடங்கின. அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு சந்தின் கடைசி வீட்டில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். போருக்கு முன்பு ரப்பர் ஏற்றுமதி செய்யும் கடை ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். கப்பலே வராத காலத்தில் ரப்பர் எங்கே போகும்? கடையைப் பூட்டிவிட்டார்கள். பேனா பிடித்த கையால் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளிக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தேன்.

பங்கீட்டு அரிசி மாதாமாதம் குறைந்துகொண்டே போனது. காலையில் மரவள்ளி, மதியம் மரவள்ளிக்கஞ்சி, இரவு மரவள்ளி ரொட்டி. ஒருநாள் கணுக்காலைச் சொறிந்தபோது விரல் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. ஒரு வாரத்தில் முழங்கால் வரை ஏறிவிட்டது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும்.

எங்கள் சந்து முனையில் ஆஸ்பத்திரி டிரஸர் ஒருவர் இருந்தார். வந்து பார்த்தார். கட்டைவிரலால் என் முழங்காலுக்குக் கீழே அழுத்தி, எடுத்து, அந்தப் பள்ளத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரிபெரி. மருந்து இல்ல தம்பி. ஆஸ்பத்திரியிலேயே இல்ல. கடல சாப்பிடுங்க, பச்சப்பயறு சாப்பிடுங்க, தவிடு கெடச்சாலும் சாப்பிடுங்க. கடலயில அந்தச் சிவப்புத் தோலு இருக்கே, அத ஊதித் தள்ளிராதீங்க. அதுலதான் சத்து."

என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. அதிகம் பேசமாட்டாள். ஒன்றை முடிவு செய்துவிட்டால் அதைச் சொல்லவும் மாட்டாள். செய்து முடித்த பிறகுதான் நமக்குத் தெரியும். மறுநாள் விடிந்தபோது அவள் வீட்டில் இல்லை.

பொழுது சாயும் நேரத்தில்தான் திரும்பி வந்தாள். புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து எஸ்டேட்டில் அவளுடைய அண்ணன் இருந்தார். அங்கே நடந்தே போய், நடந்தே வந்திருக்கிறாள். அவள் வாசற்படி ஏறுவதைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வயிறு முன்தள்ளி, நிறைமாதக் கர்ப்பிணி போல ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு வந்தாள். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுச் சேலையைத் தளர்த்தினாள். இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த துணிப்பையிலிருந்து கடலை கொட்டியது.

"வழியில காவல் நிக்கிற சென்ட்ரிக்காரன் எதப் பாத்தாலும் புடுங்கிக்கிறான்னு அண்ணன் சொன்னாரு. குனிஞ்சு கும்பிட்டேன். வயித்தப் பாத்துட்டு, போ போன்னு கைய ஆட்டிட்டான்" என்றாள்.

நான் ஒரு பிடியை அள்ளினேன். அவள் என் கையைப் பிடித்து, பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"தெனமும் இவ்வளவுதான். மிச்சம் வெதைக்கு."

எனக்குக் கோபம் வந்தது. நோயாளிக்கென்று கொண்டுவந்ததை மண்ணில் புதைப்பதா என்று கத்தினேன். இன்னும் நாலு மாதம் நான் உயிரோடு இருப்பேனா என்றுகூடக் கேட்டேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"இருப்பீங்க. தவிடு வாங்கித் தரேன், தின்னுட்டு இருப்பீங்க" என்றாள் அவள். அதோடு பேச்சு முடிந்தது.

அப்படித்தான் நடந்தது. யார் வீட்டுக் கோழிக்கோ வைத்திருந்த தவிட்டைக் கேட்டு வாங்கி, சலித்து, வறுத்து, உருட்டிக் கொடுத்தாள். அதோடு தினமும் அந்தக் கைப்பிடிக் கடலை. வீக்கம் ஏறுவது நின்றது, இறங்கவில்லை. இதற்கிடையில் அவள் விதையையும் எங்கள் கொல்லையில் மட்டும் போடவில்லை. சந்தில் இன்னும் நாலு வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்து, கொல்லையைக் கொத்தச் சொன்னாள். மழைக்கு மண் இறுகாமல் எப்படி அணைப்பது, பூ விழுந்ததும் வேர்ப்பக்கம் எப்படித் தொடாமல் இருப்பது என்றெல்லாம் வேலிக்கு வேலி நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தனை பேச்சு அவளுக்குள் இருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும்.

அந்த நாலு வீடுகளில் ஒன்று பக்கத்து வீடு. அங்கே தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருந்துவிட்ட செட்டிப் பெண்மணி ஒருவர் இருந்தார், விதவை. எங்கள் சாமியைத்தான் கும்பிடுவார், விபூதி பூசுவார். ஆனால் தமிழ் வராது. வீட்டில் அவர்கள் பேசுவதெல்லாம் மலாய். அக்கா, தங்கச்சி போன்ற சில சொற்கள் மட்டும் அந்த மலாய்க்குள் அப்படியே கிடக்கும். என் மனைவிக்கோ எஸ்டேட்டில் கற்ற அரைகுறை மலாய். இரண்டு பேரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று மணிக்கணக்கில் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அந்த அக்காவோடு இருந்த அவருடைய தம்பி உஜோங் பாசிருக்குப் போய்த் தென்னை சீவுகிறவர். பாளையிலிருந்து இறக்கிய பதநீரைக் காய்ச்சி, மூங்கில் குழாயில் ஊற்றி, அவர் எடுக்கும் கூலா மலாக்கா என்ற தென்னஞ்சர்க்கரை கறுப்புத் தங்கம் போல இருக்கும். கடலை விளைந்து பிடுங்கிய அன்று அக்கா இரண்டு உருளை கூலாவைக் கொண்டுவந்து எங்கள் அடுப்படியில் வைத்தார். "கச்சாங் உன்னுடையது, கூலா என்னுடையது" என்று கடலையையும் சர்க்கரையையும் காட்டி மலாயில் சொல்லிச் சிரித்தார்.

வறுத்த கடலையைச் சும்மா தின்னக் கொடுத்தால் ஆள் ஆளுக்கு அள்ளி ஒரே நாளில் தீர்த்துவிடுவார்கள் என்பது என் மனைவியின் எண்ணம். கட்டியாகச் செய்து நறுக்கினால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்று என்று கொடுக்கலாம். நாலைந்து வாரம் கெடாமலும் இருக்கும். அக்காவின் தம்பி கொண்டுவந்த கடல் மணலை இரும்புச் சட்டியில் காய்ச்சி, அதில் கடலையைப் போட்டு வறுத்தாள். தோலை நீக்கவில்லை. அம்மியில் ஒரு தட்டு, இரண்டு தட்டு. பருப்பு இரண்டாக உடைந்தால் போதும்.

முதல் தடவை கெட்டுப்போனது. வெல்லப்பாகு மாதிரி நினைத்து இறக்கிவிட்டாள். தென்னஞ்சர்க்கரையில் ஈரம் அதிகம். ஆறிய பிறகும் களியாகவே கிடந்தது. கரண்டியால் வழித்துத் தின்றோம், ருசியில் குறைவில்லை. இரண்டாம் தடவை அக்கா அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பாகு நுரைத்துப் பொங்கி அடங்கும்; அப்போதும் இறக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் கறுத்து, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் கூழாங்கல் விழுந்த சத்தம் கேட்க வேண்டும். கேட்டதும் என் மனைவி கடலையையும், வறுத்த தவிட்டில் இரண்டு பிடியையும் கொட்டிக் கிளறினாள். தேங்காய் எண்ணெய் தடவிய வாழையிலையில் பரப்பி, போத்தலை உருட்டித் தேய்த்து, சூடு இருக்கும்போதே தீப்பெட்டி அளவுக்குக் கீறினாள். ஆறியதும் படக் படக்கென்று உடைந்து வந்தன.

ஒரு மாதம் தின்றிருப்பேன். ஒரு காலையில் காலை அழுத்திப் பார்த்தேன். பள்ளம் விழவில்லை. திரும்ப அழுத்தினேன். அடுப்படிக்குப் போய் அவளிடம் காலை நீட்டிக் காட்டினேன். அவள் குனிந்து, தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "அப்ப அந்தக் கெழக்குப் பக்கத்தக் கொத்திப் போடுங்க" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று தோள் குலுங்கியதில்தான் தெரிந்தது.

கடலை போட்ட ஐந்து வீட்டிலும் ஆண்களின் கால்கள் சரியாகிவிட்டன. அதனாலேயே அடுத்த வினை வந்தது.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் இருந்தது. ஒருநாள் எங்கள் சந்துக்கும் பட்டியல் வந்தது. திடலில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, சாரத்தை முழங்காலுக்கு மேல் தூக்கச் சொன்னார்கள். ஒரு ஜப்பானிய அதிகாரி ஒவ்வொருவர் காலாக அழுத்திக்கொண்டே வந்தான். பள்ளம் விழுந்தவன் வீட்டுக்குப் போகலாம். விழாதவன் லாரிக்கு. அந்த வரிசையில் பாதிப்பேருக்கு மேல் வீங்கிய கால். எங்கள் ஐந்து வீட்டு ஆண்கள் ஐந்து பேருக்கும் கல் மாதிரிக் கால். நான், அக்காவின் தம்பி, எதிர்வீட்டு மாட்டுவண்டிக்காரர், அடுத்தடுத்த வீடுகளில் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர்.

அதிகாரிக்கு ஆச்சரியம். மொழிபெயர்ப்பாளனிடம் என்னவோ சொன்னான். அவன் எங்களைப் பார்த்து, "நீங்க எல்லாம் ஒரே எடமா? என்னா சாப்பிடறீங்கன்னு தொரை கேக்கறாரு" என்றான்.

வேலியோரம் பெண்கள் நின்றிருந்தார்கள். என் மனைவி வழிக்குக் கொடுத்தனுப்ப ஒரு டின் நிறையக் கடலைக்கட்டி வைத்திருந்தாள். அவள் வேலியைத் தாண்டி நடந்து வருவதைப் பார்த்தேன். சிப்பாய் ஒருவன் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான். அவள் நின்று, முறைப்படி இடுப்பு வளைய வணங்கி, டின்னைத் திறந்து நீட்டினாள்.

அதிகாரி ஒன்றை எடுத்துக் கடித்தான். மென்றான். இன்னொன்றை எடுத்தான்.

என் மனைவி மலாயில் பேசினாள், மொழிபெயர்ப்பாளன் அதை ஜப்பானிய மொழியில் சொன்னான். "இதைத்தான் தின்கிறார்கள். உங்கள் கூலியாட்களுக்கும் கால் வீங்குகிறது என்று கேள்விப்பட்டேன். கடலை கொடுங்கள், செய்து தருகிறேன். ஆனால் தனியாக முடியாது. ஆள் வேண்டும்."

எத்தனை ஆள் என்று அவன் கேட்டான்.

அவள் எங்களைக் காட்டினாள். சர்க்கரை கொண்டுவர ஒருவர், வண்டி ஓட்ட ஒருவர், விறகு வெட்ட ஒருவர், மணலில் வறுக்க ஒருவர், தோடு உடைக்க ஒருவர். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

அதிகாரி சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி இரண்டு விரலை மட்டும் காட்டினான்.

அந்த இடத்தில் அவள் அடைந்த வேதனையை நான் நேரில் பார்த்தேன். மறுபடி ஐந்து விரலைக் காட்டினாள். அவன் தலையை ஆட்டி, கடிகாரத்தைப் பார்த்தான். அவள் முதலில் அக்காவின் தம்பியைக் காட்டினாள். "இவர் இல்லையென்றால் சர்க்கரை இல்லை" என்றாள். பிறகுதான் என்னைக் காட்டினாள். டின்னை அப்படியே கொண்டுபோய், மாட்டுவண்டிக்காரர் கையில் கொடுத்தாள். "மூணு பேரும் பங்கு போட்டுக்குங்க அண்ணே" என்றாள். அவர் வாங்கிக்கொண்டு, "நீ ஒன்னும் நெனைக்காத தங்கச்சி" என்றார். லாரி கிளம்பிவிட்டது.

வீடு வரும்வரை அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். உயிர் தப்பிய சந்தோஷம் எனக்கு இருந்தது. அதை அவள் முன்னால் காட்ட முடியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் எங்கள் அடுப்பு அணையவில்லை. மூட்டை மூட்டையாகக் கடலை வந்தது. ராணுவத்தின் சாலை வேலைக்காரர்களுக்கு எல்லாம் எங்கள் வீட்டுக் கட்டிதான். புழுத்த கடலை வந்தால் அவள் அதைத் தனியாகப் பொறுக்கி வைத்துவிட்டு, மூட்டை கொண்டுவந்தவனிடம் காட்டி, "இதச் செஞ்சு குடுத்தா ஆளுக்கு வயித்தால போகும். மாத்திக் கொண்டா லா" என்று திருப்பி அனுப்புவாள். சிப்பாய் உடன் நின்றாலும் சரி. அக்கா பாகு பதம் பார்ப்பார். நான் வறுப்பேன். இலையில் பரப்பும்போது ஓரத்தில் கோணலாக நிற்கும் துண்டுகளை நறுக்கி, அதைச் சந்துக் குழந்தைகளுக்கு என்று ஒதுக்குவாள். நாளாக நாளாக அந்த ஓரங்கள் அகலமாகிக்கொண்டே போனதை நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

சயாமுக்குப் போனவர்களின் வீடுகளுக்கு வாரம் தவறாமல் அவளே கொண்டுபோவாள். அண்ணன் தம்பியின் அம்மா வாங்கிக்கொள்வார். மாட்டுவண்டிக்காரரின் மனைவி கதவைத் திறக்கமாட்டார். இவள் பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டு வருவாள். ஒருமுறை அந்த அம்மாள் உள்ளிருந்தே, "ஒம் புருஷன காட்டுன விரல வெட்டிப் போடு" என்று கத்தியது எங்கள் வீடுவரை கேட்டது. நான் கொதித்துப்போய் எழுந்தேன்.

"ஒக்காருங்க. அவங்க எடத்துல நான் இருந்தா இன்னும் மோசமாப் பேசியிருப்பேன்" என்றாள் என் மனைவி. அடுத்த வாரமும் போனாள்.

ஜப்பான்காரன் தோற்றுப் போன பிறகு, மூன்று பேரில் தம்பிக்காரன் மட்டும் திரும்பி வந்தான். எலும்பும் தோலுமாக வந்தவன் தன் அண்ணனைப் பற்றியும் வண்டிக்காரரைப் பற்றியும் சொன்னான். வண்டிக்காரர் காய்ச்சலில் போனாராம். கடைசிக் கடலைக்கட்டியை உடைத்து இவர்கள் இருவருக்கும் கொடுத்துவிட்டு, தனக்குப் பல் வலிக்கிறது என்று சொன்னாராம்.

அதைக் கேட்டு ஒரு வாரம் இருக்கும். ராணுவத்துக்குச் செய்வது நின்றுபோயிருந்தது. மிச்சமிருந்த கடலையை ஊருக்காக என் மனைவி செய்துகொண்டிருந்தாள். அக்காவுக்கு அன்று உடம்பு சரியில்லை. நானும் இவளும் மட்டும்தான். பின்வாசலில் நிழல் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் வண்டிக்காரரின் மனைவி. வெள்ளைச் சேலையில் இருந்தார். என் மனைவி கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த அம்மாள் உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து, உடைக்காத கடலைக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தோட்டை உடைக்கத் தொடங்கினார்.

பிறகு நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "பாகு கருகுது பாரு. கிண்டு."

என் மனைவி கிண்டினாள். அன்று பொழுது சாயும்வரை அவர்கள் இரண்டு பேரும் வேலை செய்தார்கள். மறுநாளும் அந்த அம்மாள் வந்தார்.