ஜூன் மாதத்தில் வந்த கடற்கரைப் பாட்டு

மார்னிக்கு வுலாங்காங்கில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசை வேலை. காலையில் கடலோரப் பாறைக்குளத்தில் நீச்சல், பகலில் அடுத்தவர் பல்வலி, மாலையில் எங்கள் இசைக்குழு. குழுவில் மூன்றே பேர். கிட்டார் மார்னி, கீபோர்டு டீகன், டிரம்ஸ் நான், டேரில். பெண்கள் இருவருமே பாடுவார்கள். ஆனால் யார் படம் எடுத்தாலும் டீகன்தான் நடுவில். மார்னிக்கு வயிறு எரியும். எனக்கும்தான், பாதிப் படங்களில் எனக்குத் தலையே இருக்காது.

தொண்ணூற்றேழில் எங்கள் ஆல்பம் தயாரானது. அதிலிருந்து முதல் சிங்கிளாக, அதாவது ரேடியோவுக்கும் கடைக்கும் தனிப்பாட்டாக, எதை விடுவது என்று ஜூன் மாதம் டீகன் வீட்டில் கூடினோம். எங்கள் ஊரில் ஜூன் என்றால் நடுக் குளிர்காலம், டிசம்பரும் ஜனவரியும்தான் கோடை. மார்னி எழுதிப் பாடிய ‘உப்புத் தோள்’ முழுக்க வெயிலும் கடலும். டீகனுடைய ‘மழை ஜன்னல்’ மெதுவான பாட்டு.

“வெளிய பல்லு தந்தியடிக்குது. இப்ப மழை ஜன்னல விடுவோம். உன்னுத நவம்பர்ல விடலாம்டி. ஜனவரில ரேடியோக்காரன் நேயர் ஓட்ட எண்ணி வருஷத்தோட நூறு பாட்டு வரிசை சொல்றப்ப, பீச் பூரா அதைத்தான் பாடிட்டிருக்கும்” என்றாள் டீகன்.

அவள் சொன்னதில் பிழையே இல்லை. அதுதான் மார்னிக்குப் பொறுக்கவில்லை.

“ஆமா, அஞ்சு மாசம் ஊரெல்லாம் உன் குரலக் கேக்கட்டும். நான் உன் பின்னாடி வால் புடிச்சுட்டு வரேன். நல்லா இருக்குடி உன் நியாயம்!”

“இந்தக் குளிர்ல எவடி கடல்ல குதிப்பா?”

“நான் தெனம் குதிக்கிறேன்!”

யார் எந்தப் பக்கம் என்று கை தூக்கிப் பார்த்தோம். மடத்தனம் என்று தெரிந்தே மார்னி பக்கம் தூக்கினேன். டீகன் ஒருமுறையாவது தோற்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

உப்புத் தோள் வந்தது. ஹீட்டர் முன்னால் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் அதைச் சீண்டவில்லை. இரண்டே வாரத்தில் ரேடியோவில் காணாமல் போனது. விட்ட பாட்டை மறுபடி விட முடியாது என்று இசைத்தட்டுக் கம்பெனி கைவிரித்ததால், நவம்பரில் மழை ஜன்னல் வந்தது. கொளுத்தும் வெயிலில் மழைப்பாட்டா என்று மார்னி உள்ளுக்குள் சிரித்தாள். அந்தக் கோடையில் ஒரு பொட்டு மழை இல்லை. ஊரே ஏங்கிப்போய் அந்தப் பாட்டைக் கேட்டது.

ஜனவரி வரிசையைக் கேட்க மார்னி வீட்டுப் பின்புறத்தில் கூடினோம். மார்னி சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தாள். பதினான்காவது இடத்தில் மழை ஜன்னல் என்றது ரேடியோ. டீகன் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். மார்னி கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஷெரில் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “மார்னி, உங்க ஆல்பத்துல அந்த உப்புத் தோள் இருக்கே, எங்க வீட்ல தெனம் அதான் ஓடுது. அத ஏன் சிங்கிளா விடல?”

“விட்டோம். ஜூன்ல.”

“ஜூன்லயா? எந்த முட்டாள் பண்ண வேலை அது?”

மார்னி சாசேஜைப் பார்த்தாள். நான் என் தட்டைப் பார்த்தேன். டீகன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“கம்பெனிக்காரங்கதான், ஷெரில். நாங்க மூணு பேரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம்.”

அதற்காக மட்டும் மார்னி டீகனை இன்றுவரை மன்னிக்கவில்லை. நானும்தான்.