எல்சி கேட்ட மன்னிப்பு

காசிமேட்டில் மீன் விற்கும் எல்சிக்கு வாய் நீளம். எங்கள் ராயபுரத்தில் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. போணி ஆவதற்கு முன் விலை கேட்டு, செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வாங்காமல் நகர்கிறவருக்கு நாலு வசவு உண்டு. இல்லையென்றால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்று அங்கே நம்பிக்கை. திட்டு வாங்கியவர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து அரை கிலோ சங்கரா வாங்கிப் போவதும் வழக்கம்தான்.

ஒரு நாள் வெளியூர் வாலிபன் ஒருவன் வந்தான். வஞ்சிரம் விலை கேட்டான், பேரம் பேசினான், நகர்ந்தான். அவன் சட்டைப்பையில் செல்போன் கேமரா ஓடிக்கொண்டிருந்தது எல்சிக்கு எப்படித் தெரியும்? வசவை மட்டும் வெட்டியெடுத்து, 'மீன் மார்க்கெட் பிசாசு' என்று பேர் வைத்து நெட்டில் விட்டான். எல்சியின் மகள் ஜூடி நர்ஸாக இருக்கும் வார்டில் நோயாளிகள்கூட அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அது தன் அம்மா என்று ஜூடி அங்கே மூச்சு விடவில்லை. வீட்டில் அம்மாவிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். வீடியோ தொலைய வேண்டும், மகள் பேச வேண்டும். எல்சிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வியாசர்பாடி வக்கீல் யசோதரா உதவிக்கு வந்தார்.

"சட்டம் நம்ம பக்கம் கீதுக்கா. உன்னக் கேக்காம உன் மூஞ்ச எட்த்து அசிங்கப்படுத்திகீறான். அந்த வீடியோ கம்பெனிக்கு எழுதுவோம், சைபர் கிரைம்ல குடுப்போம். நீ கம்முனு இரு, போதும்."

சட்டம் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. குறைகளைக் கேட்க ஒவ்வொரு கம்பெனியும் ஓர் அதிகாரியை வைத்திருக்க வேண்டுமாம். அந்த அதிகாரி, வீடியோ எங்கள் விதிகளை மீறவில்லை என்று இங்கிலீஷில் பதில் போட்டார். அவர் மனிதரா மெஷினா என்று இன்றுவரை தெரியாது. யசோதரா அதற்கு மேலே இருக்கும் அரசாங்கக் குழுவில் மேல்முறையீடு செய்தார்.

கம்முனு இருப்பது எங்கள் தெருவுக்கு வராது. ஒரு வீட்டுக்குப் பேஜாரு என்றால் எல்லா வீடும் வாசலுக்கு வந்து கத்தும். வீடியோவுக்குக் கீழேயும் போய்க் கத்தினார்கள். கத்தக் கத்த அது இன்னும் பரவியது. எல்சியின் தம்பி ஹென்றிக்கு டேட்டா தீர்ந்திருந்தது. அக்கா போனை வாங்கி, "டேய் கலீஜு, கைல கெட்ச்ச, கைமாதான்" என்று எழுதிவிட்டான்.

எல்சி கொலை மிரட்டல் விட்டதாக வாலிபன் புகார் கொடுத்தான். எல்சியின் புகாருக்கு அசையாத போலீஸ் இதற்கு மட்டும் ஓடி வந்தது. யசோதரா கோர்ட்டில் இருந்த நேரம் பார்த்து எல்சியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள்.

"மன்னிப்பு கேட்டுடும்மா. அவரும் வீடியோவ எடுத்துடுவாரு. சமாதானமாப் போயிடலாம்" என்றார் ஏட்டு.

வீடியோ போய்விடும் என்றால் எல்சி காலிலேகூட விழுந்திருப்பாள். கை கூப்பினாள்.

"தெரியாம வாய வுட்டேன் நைனா, மன்ச்சிக்கோ. எம் பொண்ணு ஜூடி, நர்சா கீது, என்னாண்ட பேசவே மாட்டேங்குதுப்பா."

அழுதாள். எதிரே அந்த வாலிபன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அத்தாட்சிக்காம்.

சொன்னபடி பழைய வீடியோவை எடுத்துவிட்டான். அன்று சாயங்காலமே மன்னிப்பு வீடியோவைப் போட்டான்.

பிறகு மேல்முறையீட்டில் எல்சிக்குச் சாதகமாகவே உத்தரவு வந்தது, ஏற்கெனவே போய்விட்ட வீடியோவை நீக்கச் சொல்லி. புதியதைப் பற்றி யசோதரா எழுதிக் கேட்டதற்கு, அது அந்த அம்மாளே சம்மதித்துப் பேசியது என்று கம்பெனி பதில் சொன்னது.

ஜூடி பேசினாள். மன்னிப்பு வீடியோ வந்த மறுநாள் டியூட்டி முடிந்து வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பேசினாள்.

"என் பேர ஏம்மா சொன்ன?"